பில் போடும்போதே கேளுங்கள்: அலுவலகக் கருவிகள் பற்றி வாசகர் கேள்வி–பதில்

கிளைகளுக்கு அனுப்பும் போன், டேப்லெட், லேப்டாப், ரவுட்டர், சென்சார் ஆகியவற்றை ஓரிடத்தில் இருந்தபடியே கிளவுட் வழியாக அமைத்து நிர்வகிப்பது குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சிக்கலைத்தான் சொல்கின்றன. பொருளை வாங்கிவிட்டு, அதன் பிறகு எப்படி அமைப்பது என்று யோசிக்கிறார்கள். யோசனை பர்ச்சேஸ் ஆர்டர் எழுதும்போதே தொடங்க வேண்டும். ஏன் என்பது முதல் பதிலிலேயே தெரியும்.

எங்கள் பார்சல் நிறுவனத்துக்கு 11 கிளைகள். டெலிவரி ஊழியர்களுக்காக 45 ஆண்ட்ராய்டு போன் வாங்கப் போகிறோம். போன முறை ஒவ்வொரு போனையும் தலைமை அலுவலகத்தில் பிரித்து, ஜிமெயில் போட்டு, ஆப் ஏற்றி, மறுபடி பெட்டியில் வைத்து அனுப்பினோம். 'ஜீரோ டச்' இருந்தால் பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?
— மேலாளர், ஈரோடு

உண்மைதான். ஆனால் நல்ல போனாக இருந்தால் மட்டும் போதாது, யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். கூகுளின் ஜீரோ டச் முறையில் போனின் ஐஎம்இஐ எண்ணையோ சீரியல் எண்ணையோ உங்கள் நிறுவனக் கணக்கில் ஏற்றுவது, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரின் வேலை. நீங்களாக ஏற்ற முடியாது. ஆகவே விலை பேசுவதற்கு முன்பே, "நீங்கள் ஜீரோ டச் ரீசெல்லரா? பில்லோடு சேர்த்து ஐஎம்இஐ எண்களை எங்கள் கணக்கில் ஏற்றித் தருவீர்களா?" என்று கேளுங்கள். "தருவோம்" என்றால் அதை ஆர்டரில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். ஆன்லைன் தள்ளுபடியில் போனுக்கு 500 ரூபாய் மிச்சம் பிடித்தால், அது 45 போனையும் கையால் அமைக்கும் கூலிக்கே போய்விடும்.

போன் ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேலானதாகவும், கூகுள் பிளே உள்ளதாகவும் இருக்க வேண்டும். அது முதல்முறை ஆன் ஆகி நெட் கிடைத்ததும், தன் எண்ணைச் சொல்லி கூகுள் சர்வரிடம் விசாரிக்கும். அந்த எண் உங்கள் கணக்கில் இருந்தால், "இது இன்ன நிறுவனத்தின் போன், இந்த நிர்வாக ஆப்பை இறக்கு" என்று பதில் வரும். ஆப் இறங்கியதும் பாக்கி வேலையை உங்கள் எம்டிஎம் சேவை (கருவிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் சேவை) பார்த்துக்கொள்ளும். ஊழியர் மொழியைத் தேர்ந்தெடுத்து, வைஃபை பாஸ்வேர்ட் போட்டு, இரண்டு மூன்று இடத்தில் சம்மதம் கொடுத்தால் போதும்.

இங்கே வேலையின் வரிசை மாறக் கூடாது. முதலில் எம்டிஎம் சேவை ஒன்றை வாங்கி, அதில் உங்கள் விதிகளையும் ஆப் பட்டியலையும் தயார் செய்யுங்கள். சோஹோவின் மேனேஜ்இன்ஜின், மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன் எனப் பல சேவைகள் உண்டு. அடுத்து, நிறுவன மின்னஞ்சலில் உருவாக்கிய கூகுள் கணக்கைக் கொடுத்து ரீசெல்லரை ஜீரோ டச் கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். யாருடைய சொந்த ஜிமெயிலையும் கொடுக்காதீர்கள். பிறகு அந்தத் தளத்தில் கான்ஃபிகரேஷன் ஒன்றை உருவாக்கி, எம்டிஎம் கொடுக்கும் ஜேசன் வாசகத்தை (அமைப்பு விவரங்களைக் குறியீடாக எழுதிய உரை) அதில் ஒட்டி, அதையே டிஃபால்ட்டாக வையுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஐஎம்இஐ பட்டியல் ஏற வேண்டும். டிஃபால்ட் வைக்கும் முன்பே எண்கள் ஏறிவிட்டால், போன் உங்கள் கணக்கில் இருக்கும், ஆனால் அதற்கு எந்த உத்தரவும் இருக்காது. ஊழியர் பெட்டியைப் பிரிப்பார், சாதாரண போன் மாதிரித் திறக்கும், தன் ஜிமெயிலைப் போட்டுவிடுவார். அதன் பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்தால்தான் உண்டு.

அந்த ஜேசன் வாசகத்தில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. எம்டிஎம் தளத்திலிருந்து காப்பி செய்ததை வேர்டு ஃபைலில் ஒட்டி, அதைச் சக ஊழியருக்கு அனுப்பி, அவர் அங்கிருந்து எடுத்து ஒட்டுவார். நடுவில் வேர்டு, நேரான மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக மாற்றியிருக்கும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த வாசகம் இனி செல்லாது. தளத்திலிருந்து தளத்துக்கு நேராக ஒட்டுங்கள். வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் நோட்பேடில் வையுங்கள்.

இரண்டு சிம் போனில் இரண்டு ஐஎம்இஐ இருக்கும். இரண்டில் சிறிய எண்ணைப் பதிவதுதான் நம்பகமானது என்பது கூகுள் தரும் வழிகாட்டல். எனவே ரீசெல்லர் அனுப்பும் பட்டியலைப் பெட்டியின் மேல் உள்ள ஸ்டிக்கரோடு நாலைந்து போனுக்காவது ஒப்பிட்டுப் பாருங்கள். சாம்சங் வாங்கினால் அவர்களுடைய நாக்ஸ் மொபைல் என்ரோல்மென்ட் சேவையும் இதே வேலையைச் செய்யும், கட்டணம் இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரே போனை இரண்டிலும் போட்டுவிட்டு எந்த விதி எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

45 போனையும் அனுப்பும் முன் 2 போனை ஏதாவது ஒரு கிளைக்கு அனுப்பி, அங்குள்ளவரையே திறக்கச் சொல்லுங்கள். தலைமை அலுவலக வைஃபையில் ஓடியது கிளையில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. லாகின் பக்கம் காட்டும் பொது வைஃபை இதற்கு ஒத்துவராது. உங்கள் ஃபயர்வால் 5228 முதல் 5230 வரையிலான டிசிபி போர்ட்டுகளை (நெட் தகவல் போய்வரும் எண்ணிட்ட வாசல்கள்) அடைத்திருந்தால், போன் பதிவானாலும் நீங்கள் அனுப்பும் கட்டளைகள் நேரத்துக்குப் போய்ச் சேராது.

ஏற்கெனவே 30 டேப்லெட் ஆன்லைனில் வாங்கிவிட்டோம். இனி வழியே இல்லையா?
— உணவகக் குழுமம், திருச்சி

உண்டு. க்யூஆர் கோடு வழி. பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டும், ஆனால் ஒரு டேப்லெட்டுக்குக் கைவேலை சில நிமிடம்தான்.

டேப்லெட்டில் யாருடைய கூகுள் கணக்காவது இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். நீக்காமல் ரெகவரி மெனு வழியாக ரீசெட் செய்தால், பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு அங்கேயே நின்றுவிடும். ரீசெட் ஆனதும் வரும் முதல் வரவேற்புத் திரையில், பட்டன்கள் இல்லாத வெற்று இடத்தில் 6 முறை தட்டுங்கள். கேமரா திறக்கும். எம்டிஎம் தளத்தில் உள்ள கோடைக் காட்டினால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். ஆண்ட்ராய்டு 7 முதல் இந்த வசதி உண்டு.

மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். கோடுக்குள் வைஃபை பாஸ்வேர்டைச் சேர்த்தால் அது மறைக்கப்படாமல் அப்படியே இருக்கும், படம் கிடைத்த யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதை வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். அமைப்பு வேலைக்கென்று தனி வைஃபை பெயர் ஒன்று வைத்து, முடிந்ததும் அழித்துவிடுங்கள். அடுத்தது, கோடுக்குக் காலாவதி உண்டு. கூகுளின் ஆண்ட்ராய்டு மேனேஜ்மென்ட் ஏபிஐ (எம்டிஎம் சேவைகள் ஆண்ட்ராய்டு கருவிகளை நிர்வகிக்கும் வழி) வழியாக உருவாகும் டோக்கனுக்கு, அதாவது கோடுக்குள் இருக்கும் அனுமதிச் சீட்டுக்கு, காலம் குறிப்பிடாவிட்டால் 1 மணி நேரம்தான். காலையில் பிரின்ட் எடுத்து வைத்த கோடு மதியம் வேலை செய்யவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவதுதான் பெரியது. ஜீரோ டச்சில் சேர்ந்த கருவியை யார் ரீசெட் செய்தாலும் அது திரும்ப உங்கள் நிர்வாகத்துக்குள்தான் வரும். க்யூஆரில் சேர்ந்த டேப்லெட் ரீசெட் ஆனால் கைவிட்டுப் போய்விடும். ஆகவே எம்டிஎம் விதியில் செட்டிங்ஸ் வழி ரீசெட்டைத் தடுங்கள். பட்டன் அழுத்தி ரெகவரியில் செய்யும் ரீசெட்டை அப்படித் தடுக்க முடியாது. அதற்கு, ரீசெட்டுக்குப் பின் எந்த நிறுவனக் கணக்கு போட்டால் மட்டுமே திறக்கும் என்பதை ஃபேக்டரி ரீசெட் புரொடெக்‌ஷன் பகுதியில் குறிப்பிட்டு வையுங்கள்.

30 டேப்லெட்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடாதீர்கள். ஒன்றுக்கு 600 எம்பி இறங்கும் என்று வைத்தால் மொத்தம் 18 ஜிபி. 100 எம்பிபிஎஸ் லைன் முழு வேகத்தில் கிடைத்தாலும் 24 நிமிடம் ஆகும். நடைமுறையில் ஒரே ஆக்சஸ் பாயின்ட்டில் அவ்வளவு கிடைக்காது. பாதியில் நின்ற டேப்லெட்டுகளில் எது எங்கே நின்றது என்று தேடுவதைவிட, 8, 10 எனப் பிரித்துச் செய்வது சீக்கிரம் முடியும்.

எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் 18 லேப்டாப். எல்லாவற்றிலும் விண்டோஸ் ஹோம். ஆட்டோபைலட்டில் சேர்க்க முடியுமா?
— சென்னை

ஆட்டோபைலட் என்பது விண்டோஸ் லேப்டாப்புக்கான ஜீரோ டச் மாதிரி. ஹோம் பதிப்பில் அது முடியாது. ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகள் வேண்டும். அதோடு இன்ட்யூன் உரிமமும், தானாகப் பதிவாவதற்கு மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி (ஊழியர் கணக்குகளை நிர்வகிக்கும் சேவை) பி1 உரிமமும் தேவை. மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் திட்டத்தில் இரண்டும் அடங்கும்.

அடுத்த முறை வாங்கும்போது ப்ரோவாகவே வாங்கி, ஹார்டுவேர் ஹாஷை (லேப்டாப்பை அடையாளம் காட்டும் நீண்ட குறியீடு) உங்கள் கணக்கில் ஏற்றித் தருமாறு விற்பனையாளரிடம் கேளுங்கள். இப்போது கையில் உள்ளவற்றை ப்ரோவுக்கு மாற்றிய பிறகு நீங்களே எடுக்கலாம். தொடக்க அமைப்புத் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தினால் கட்டளைச் சாளரம் வரும். அங்கிருந்து பவர்ஷெல் திறந்து மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோபைலட் ஸ்கிரிப்டை ஓட்டினால் ஹாஷ் ஒரு சிஎஸ்வி ஃபைலாகக் கிடைக்கும். அதை இன்ட்யூனில் ஏற்றி, ப்ரொஃபைல் ஒதுக்கப்பட்டதாகக் காட்டும்வரை பொறுத்திருந்து, பிறகு லேப்டாப்பை ரீசெட் செய்யுங்கள். அவசரப்பட்டு உடனே ரீசெட் செய்பவர்களுக்குத்தான் சாதாரண விண்டோஸ் திரை வந்து நிற்கும்.

சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு மாற்றினால் ஹாஷும் மாறிவிடும். பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். சர்வீஸிலிருந்து திரும்பி வரும் லேப்டாப்பின் வேலைச் சீட்டில் எந்தப் பாகம் மாறியது என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

ஷோரூமில் உள்ள 22 ஐபேடும் போன வாரம் முதல் எந்தக் கட்டளைக்கும் பதில் தரவில்லை. ஆப்கள் மட்டும் ஓடுகின்றன. நெட் நன்றாகவே இருக்கிறது.
— ஜவுளி நிறுவனம், மதுரை

ஒரேநாளில் எல்லா ஐபேடும் சேர்ந்து பேசாமல் போனால், முதலில் பார்க்க வேண்டியது ஆப்பிள் புஷ் சான்றிதழ் (எம்டிஎம் சேவை ஐபேடை அழைக்க ஆப்பிள் தரும் அனுமதி). அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். காலாவதியானால் எம்டிஎம் சேவையால் ஐபேடை எழுப்ப முடியாது. ஆனால் ஏற்கெனவே இறங்கிய ஆப்களும் விதிகளும் அப்படியே இருக்கும். உங்கள் அறிகுறி அதோடு பொருந்துகிறது.

இப்போது செய்யக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: புதிய ஆப்பிள் கணக்கு திறந்து புதுச் சான்றிதழ் எடுக்காதீர்கள். எடுத்தால் 22 ஐபேடையும் முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டியிருக்கும். முதன்முதலில் எந்தக் கணக்கில் சான்றிதழ் எடுத்தீர்களோ அதே கணக்கில் நுழைந்து, அதே சான்றிதழுக்கு எதிரே உள்ள 'ரெனியூ' பட்டனை அழுத்த வேண்டும். எந்தக் கணக்கு என்பது எம்டிஎம் தளத்தின் சான்றிதழ் பக்கத்தில் பெரும்பாலும் பதிவாகியிருக்கும். அது வேலையை விட்டுப் போனவரின் சொந்தக் கணக்காக இருந்தால், அவரைத் தொடர்புகொண்டு நுழைவதுதான் சுருக்கு வழி. முடியாதபோது ஆப்பிளின் உதவி மையத்தை அணுகுங்கள்.

இதோடு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு: தானியங்கிப் பதிவுக்கான சர்வர் டோக்கன், ஆப் வாங்குவதற்கான டோக்கன். மூன்றுக்கும் ஒரே பொது மின்னஞ்சல், குறைந்தது இரண்டு பேர் பார்க்கக்கூடியதாக, வைத்துக்கொள்ளுங்கள். காலண்டரில் 30 நாள் முன்னதாகவே நினைவூட்டல் போடுங்கள். புதுப்பித்த பிறகும் ஐபேடுகள் பேசாவிட்டால், ஷோரூம் ஃபயர்வாலில் 5223 போர்ட் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கிளவுட் ரவுட்டரைப் பெட்டியோடு கிளைக்கு அனுப்பினால் மாட்டியதும் தானே அமைந்துவிடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். 6 கிளையில் 4-இல் ஆஃப்லைன் என்றே காட்டுகிறது.
— மருந்துக்கடைத் தொடர், சேலம்

ரவுட்டர் கிளவுடிலிருந்து உத்தரவு வாங்க முதலில் நெட் வேண்டும். நெட் கிடைக்க, ரவுட்டருக்கு ஐபி முகவரி தானாக வர வேண்டும். அதாவது லைனில் டிஎச்சிபி இருக்க வேண்டும். நம் ஊர் இணைப்புகளில் பல, பிபிபிஓஇ என்ற முறையில் யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்பவை. சில கிளைகளில் ஸ்டாட்டிக் ஐபி, அதாவது கையால் போட வேண்டிய மாறாத முகவரி. உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் தரும் லைனில் பழைய ரவுட்டரின் மேக் முகவரியையே (கருவியின் அடையாள எண்) பூட்டி வைத்திருப்பார்கள். இந்த மூன்றிலும் புது ரவுட்டர் வெளியே போக வழி தெரியாமல் நிற்கும். ஓடுகிற 2 கிளையிலும் ஃபைபர் மோடமே பிபிபிஓஇ-ஐச் செய்து உள்ளே டிஎச்சிபி தருகிறதா என்று பாருங்கள், அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

தீர்வு கிளைக்குக் கிளை மாறும். ரவுட்டரில் 4ஜி சிம் வசதியோ யுஎஸ்பி டாங்கிள் வசதியோ இருந்தால், முதல்முறை அதன் வழியாக கிளவுடைத் தொடவிடுங்கள். பிபிபிஓஇ விவரத்தை முன்கூட்டியே கிளவுட் தளத்தில் அந்தக் கிளையின் பெயரில் எழுதி வைத்தால், அது இறங்கியதும் ஃபைபர் லைனும் எழும். சிம் வசதி இல்லாவிட்டால், தலைமை அலுவலகத்தில் ஒருமுறை நெட் கொடுத்து விவரத்தை இறக்கிய பிறகு அனுப்புவதே நல்லது. 'ஜீரோ டச்' என்ற பெயருக்காகப் பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. மேக் பூட்டு இருந்தால் ஆபரேட்டருக்கு ஒரு போன் போட்டால் போதும்.

நெட் போனால் கடை நின்றுவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக இல்லை, கடைசியாக வந்த அமைப்பிலேயே ரவுட்டர் ஓடும். லைசென்ஸ் காலாவதி வேறு விஷயம். சில நிறுவனங்களின் ரவுட்டர் சலுகைக் காலம் முடிந்ததும் போக்குவரத்தையே நிறுத்திவிடும். வாங்கும் முன் இதை எழுத்தில் கேளுங்கள்.

எல்லா போனையும் ஒரே கிளிக்கில் அழிக்கும் அதிகாரம் ஒரு வெப்சைட்டில் இருப்பது ஆபத்து இல்லையா?
— கல்லூரி நிர்வாகி, சிங்கப்பூர்

ஆபத்துதான், அதற்கு உங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மொபைல் கார்டியன் என்ற எம்டிஎம் சேவைக்குள் ஊடுருவல் நடந்தது. சிங்கப்பூரின் 26 உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் ஐபேடுகளும் குரோம்புக்குகளும் தொலைவிலிருந்து அழிக்கப்பட்டன. கல்வி அமைச்சு அந்த ஆப்பையே எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்கியது. அதற்கு முன், 2021 ஜூலையில் கசேயா நிறுவனத்தின் தொலைநிர்வாக மென்பொருள் வழியாகப் பரவிய ரான்சம்வேரால் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) ஸ்வீடனின் கூப் கடைகள் நூற்றுக்கணக்கில் மூடிக்கிடந்தன. பில் கவுன்டர்கள் ஓடவில்லை.

சேவை நிறுவனத்துக்குள் நடக்கும் ஊடுருவலை நாம் தடுக்க முடியாது. அதன் சேதத்தைக் குறைக்க முடியும். மாணவரின் குறிப்புகள் கருவியில் மட்டும் இருக்கக் கூடாது, தானாக வேறொரு இடத்திலும் சேமிக்கப்பட வேண்டும். நம் கையில் முழுதாக இருப்பது அட்மின் கணக்கு. அதற்கு ஓடிபி எஸ்எம்எஸ் போதாது. செக்யூரிட்டி கீ (லாகினுக்கான சிறு சாவிக் கருவி) அல்லது பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் கருவியிலேயே இருக்கும் சாவி) வையுங்கள். கிளைப் பொறுப்பாளருக்குப் பூட்டும் அதிகாரம் போதும், அழிக்கும் அதிகாரம் வேண்டாம். இன்ட்யூன் போன்ற சேவைகளில், ஒருவர் 'அழி' என்று கொடுத்தால் இன்னொருவர் ஒப்புக்கொண்ட பிறகே நடக்கும்படி வைக்கலாம். அதை இன்றே இயக்குங்கள்.

இந்தியாவில் உள்ள வாசகர்களுக்கு: இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி லாக் பதிவுகளை (கணினியில் நடந்தவற்றின் குறிப்பு) 180 நாள் வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகை சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் எம்டிஎம் திட்டம் லாக்கை 30 நாளில் அழித்துவிடுமானால் தனியாக எடுத்து வையுங்கள்.

குளிர்பதனக் கிடங்கில் வெப்பநிலை சென்சார்களுக்கான கேட்வே (சென்சார் தகவலைக் கிளவுடுக்கு அனுப்பும் பெட்டி) வைத்திருக்கிறோம். நீண்ட நேரம் கரன்ட் போய் வந்தால் சில கேட்வேகள் கிளவுடில் சேருவதில்லை. லாக்கில் சான்றிதழ் பிழை. புதுச் சான்றிதழ் போட்டும் பயனில்லை.
— மீன் ஏற்றுமதி, தூத்துக்குடி

சான்றிதழை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கேட்வேயில் நேரம் காக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருந்தாலோ, அப்படி ஒன்றே இல்லாவிட்டாலோ, கரன்ட் வந்ததும் அதன் தேதி 1970 ஜனவரி 1 என்று தொடங்கும். கிளவுட் சர்வரின் சான்றிதழ் அந்தத் தேதிக்கு "இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை". இணைப்பு மறுக்கப்படுவது அதனால்தான். லாக்கில் பிழைக்கு முந்தைய வரிகளின் தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பேட்டரி சாக்கெட் இருந்தால் (பெரும்பாலும் சிஆர்2032) புதிது போடுங்கள். பிறகு கேட்வே என்டிபி சர்வரை (சரியான நேரம் சொல்லும் சர்வர்) அடைகிறதா என்று பாருங்கள், யுடிபி 123 போர்ட் திறந்திருக்க வேண்டும். கிளவுடோடு பேசும் எம்க்யூடிடி போர்ட் 8883-ஐ மட்டும் திறந்துவிட்டு 123-ஐ மறந்திருப்பார்கள். நேரம் சரியான பிறகே கிளவுட் இணைப்பைத் தொடங்கும்படி மென்பொருளில் வரிசை வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் இணைத்த படத்தில், எல்லா கேட்வேயிலும் ஒரே பதிவுச் சான்றிதழை ஏற்றியிருப்பது தெரிகிறது. முதல் பதிவுக்கு மட்டும் அப்படிச் செய்வது வழக்கம்தான். ஆனால் அந்தச் சான்றிதழுக்குத் 'தனிச் சான்றிதழ் கேட்க' என்ற ஒரு அனுமதி மட்டுமே இருக்க வேண்டும். கேட்பது உங்கள் சீரியல் எண் பட்டியலில் உள்ள கேட்வேதானா என்று கிளவுட் பக்கத்தில் சரிபார்த்த பிறகே தனிச் சான்றிதழ் போக வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், ஒரு பழைய கேட்வேயைக் கழற்றிச் சான்றிதழை எடுத்தவர் உங்கள் கிடங்கின் பெயரில் பொய்யான வெப்பநிலையை அனுப்பலாம்.

என் சொந்த போனில் ஆபீஸ் ஆப் போடச் சொல்கிறார்கள். என் போட்டோக்களைப் பார்ப்பார்களா?
— பெயர் வேண்டாம், கோவை

ஆண்ட்ராய்டில் வொர்க் ப்ரொஃபைல் முறையில் போட்டால் பார்க்க முடியாது. ஆபீஸ் ஆப்களின் ஐகானில் சிறு பெட்டிச் சின்னம் இருக்கும், அந்தப் பகுதிதான் நிறுவனத்துக்கு. வேலையை விட்டால் அழிவதும் அது மட்டும்தான். ஆனால் போனை ரீசெட் செய்து, க்யூஆர் ஸ்கேன் செய்யச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது நிறுவனத்துக்குச் சொந்தமான போனுக்கான முறை.

பழைய போன் 20-ஐ விற்றோம். ரீசெட் செய்துதான் கொடுத்தோம். வாங்கியவர், திறந்தால் உங்கள் கம்பெனி பெயர் வருகிறது என்கிறார்.
— திருப்பூர்

ரீசெட் செய்தது போனை. கணக்கில் உள்ள பதிவு அப்படியே இருக்கிறது. ஜீரோ டச் தளத்தில் அந்த ஐஎம்இஐ எண்களைப் பதிவிலிருந்து நீக்குங்கள். கான்ஃபிகரேஷனை எடுத்துவிடுவது மட்டும் போதாது. நீக்கிய பின் மறுபடி சேர்க்க ரீசெல்லரால்தான் முடியும் என்பதால், விற்ற போன்களின் எண்கள்தானா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எம்டிஎம் தளத்திலும் அந்த 20-ஐ நீக்குங்கள், பல சேவைகளில் கருவிக்கு இத்தனை என்று மாதாமாதம் கட்டணம் ஓடும். பிறகு வாங்கியவரை இன்னொரு முறை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். ஆப்பிள் கருவியென்றால் ஆப்பிள் பிசினஸ் மேனேஜரில் 'ரிலீஸ்', விண்டோஸ் லேப்டாப் என்றால் முதலில் இன்ட்யூனிலிருந்தும் அடுத்து ஆட்டோபைலட் பட்டியலிலிருந்தும் நீக்க வேண்டும்.